காலியாக விடக் கூடாத கட்டம்

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்கு மணிக்கூண்டு என்று பட்டப்பெயர். கரு கலைந்து வருகிற நெகட்டிவ் ரத்தக்காரிகள் விஷயத்தில் அவள் வாயில் வேறு பேச்சே வராது. "எழுபத்திரண்டு மணி நேரம்! அதுக்குள்ள ஊசி போட்டாகணும்!" கருவின் ரத்த அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும், அவை பாசிட்டிவாக இருந்தால் தாயின் உடம்பு அந்நியன் என்று குறித்து வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையின் மேல் பாயும். ஊசி போட்டால் பாயாது. இவ்வளவுதான் சங்கதி. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அன்றைக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்த ஒரு பெண். இரண்டு நாள் ஓடிவிட்டது. ஊசி மருந்துக் கிடங்கில் இருந்தது. கிடங்கு ஸ்டோர்காரர் கையில். ஸ்டோர்காரரோ விண்ணப்பத்தின் பிடியில்.

"குழந்தையின் ரத்த வகைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதைக் காலியா விட்டிருக்கீங்க?"

"குழந்தையே இல்லீங்க சார், கலைஞ்சு போச்சு. அப்பா பாசிட்டிவ். அது போதும்."

"குழந்தை இல்லன்னா ஊசி எதுக்கு?"

அடேயப்பா, என்ன மூளை! மணிக்கூண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். அப்படி ஒரு ரத்த வகை பட்டியலில் இல்லையாம். அப்பாவின் வகையை எழுதினாள். அப்பா குழந்தை இல்லையாம். "மேலிடத்துக்கு எழுதிப் போடுங்கம்மா, ஒரே வாரத்துல பதில் வந்துடும்" என்று பெரிய மனசு பண்ணி வழி சொன்னார்.

"எந்திரிங்க சார்" என்று அவரைக் கையோடு இழுத்து வந்து, அந்தப் பெண்ணின் ரத்தத் துளி வைத்திருந்த மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

"அமிலத்துல கழுவினதும் வெளிறிக் கிடக்கிறதெல்லாம் அம்மாவோடது. நடுவுல அங்கங்க வெளிறாம சிவப்பா இருக்கே, அது குழந்தையோடது. என்ன வகைன்னு நீங்களே கேட்டு எழுதிக்குங்க."

ஸ்டோர்காரர் பார்த்தார். "இன்னுமா இருக்கு?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊசி எடுத்துவர ஓடினார்.

ஊசி வந்ததா என்று கேட்க வந்த அந்தப் பெண் வாசலில் நின்று அத்தனையும் கேட்டிருந்தாள்.

"நானும் பாக்கலாமாக்கா?"

மணிக்கூண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுமேயில்ல, விட்டுத்தள்ளுன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்கக்கா. இவ்வளவு இருக்கே! ஊசி போட்டா இதெல்லாம் போயிடுமா?"

"போயிடும்மா" என்றாள் மணிக்கூண்டு. "அடுத்தது நல்லபடியா பொறக்கணும்ல?"

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடி நனைந்துவிட்டது. அந்தப் பெண் அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு எழுந்து சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டினாள்.

"பாத்துட்டேன்க்கா. நர்ஸக் கூப்பிடுங்க."