‘பிளடி’ என்ற சொல்லுக்கு நடந்த விசாரணை

1. ஆபீஸ் ஆங்கிலம்

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் பெண் கிளாக்கராகச் சேர்ந்த முதல் நாள், தோட்ட மேனேஜரான பெரிய துரையின் அறையிலிருந்து என் காதில் விழுந்த முதல் ஆங்கிலச் சொல் ‘டேம்’. என்னைத்தான் ஏசுகிறார் என்று பயந்து எழுந்து நின்றுவிட்டேன். அவர் ஏசியது வேலை செய்யாத டெலிபோனை.

போகப்போக இந்தச் சொற்களின் தராதரம் பிடிபட்டது. ஜீப் கிளம்பாவிட்டால் ‘டேம்’. கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை இறங்கினால் ‘பிளாஸ்ட்’. துரைமார் கூடிச் சிரிக்கும்போது கூட்டாளியைச் செல்லமாக ‘பகர்’. துரைசானியோ பிள்ளைகளோ பக்கத்தில் இருந்தால் அதே வாய் ‘டார்ன்’ என்றும் ‘ஹெக்’ என்றும் அடங்கிவிடும். அகராதியில் பார்த்தால் எல்லாம் சின்ன ஏச்சுகள்தான். ‘பிளடி’ மட்டும் அநேகமாக வெளியே, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில்தான் கேட்கும். கொழுந்து பறிக்கிற பெண்கள் முன்னால் யாரும் சொல்லைக் குறைத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. 

2. மடுவத்தில்

யோகேஸ்வரி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை. மகள் பண்டாரவளையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு ஒரு மழைநாள், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத்துரை அவளுடைய சாக்கில் முத்தல் இலை கிடக்கிறதென்று சொல்லி அத்தனையையும் தரையில் கொட்டினார். “பிளடி ஃபூல்” என்றார். அவள் குனிந்து கொழுந்தை அள்ளிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், அதே இரண்டு சொல்லை அவருக்குத் திருப்பிச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் பிறகு என்னிடம் சொன்னது இது.

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்றார்கள். மேலதிகாரியைக் கெட்ட வார்த்தையில் ஏசினாள் என்பது குற்றச்சாட்டு. விசாரணையில் தோற்றால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். படிக்கிற மகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

விசாரிக்கப் பதுளையிலிருந்து ஓய்வு பெற்ற சட்டத்தரணி ஒருவரை அழைத்திருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான். பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம், சாராம்சம் போதும் என்றார். யாருடைய சாராம்சம் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அவள் சொல்வதை அப்படியே சொல்வேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

3. விசாரணை

முதலில் சின்னத்துரையைக் கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை. அது சும்மா வாயில் வருகிற சொல், ஸ்கூலில், ரக்பி மைதானத்தில் எல்லோரும் சொல்வதுதான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றார். சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்படியானால் அந்தப் பெண் செய்த குற்றம் என்ன என்று கேட்டார். 

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் யோகேஸ்வரியைப் பார்த்து, அர்த்தம் தெரியாமல் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். தப்பித்துக்கொள்ள வழி காட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்துதான் இருக்கும்.

“அது கெட்ட வார்த்தைன்னு எனக்கு எப்பவோ தெரியுமுங்க. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

அது அவளுக்கே பாதகமாகப் போகும். ஆனாலும் ஒரு சொல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பெரிய துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டத்தரணி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்கட்டும், அவள் வேலைக்குப் போகட்டும் என்றார்.

யோகேஸ்வரி எழுந்து சின்னத்துரையைப் பார்த்து, மன்னிச்சுக்கங்க துரை என்றாள். அவரோ சட்டத்தரணியைப் பார்த்து, அந்தச் சொல்லுக்கு வருந்துவதாக ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

“வேணாங்க கிளாக்கரம்மா. ஏசுறப்ப நடுவுல ஆள் வைக்கலியே. இதையும் அவரே சொல்லட்டும்.”

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டத்தரணி தலையசைத்தார். சின்னத்துரைக்குத் தமிழ் நன்றாகவே வரும். தினமும் பெரட்டில் வேலை பிரிப்பது அந்தத் தமிழில்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “மன்னிச்சுக்கங்க” என்றார். என் சர்வீசில் ஒரு துரை கொழுந்து பறிக்கிறவளிடம் அப்படிச் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.  அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாளைக்கு எந்த மலையில் வேலை என்று கேட்டாள்.

இப்போது ஆபீஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இந்த ஆங்கிலச் சொற்களுக்கு என்னிடம் அர்த்தம் கேட்கிறார்கள். அர்த்தம் அகராதியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். அது சின்ன ஏச்சா பெரிய ஏச்சா என்பதை மட்டும், மழையில் குனிந்து கொழுந்தை அள்ளியவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.