ஒரு மடக்கு வெள்ளம்

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். குடிப்பதும் வெள்ளம்தான், குளிப்பதும் வெள்ளம்தான். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர்களின் பிள்ளையான எனக்கு, சென்னைக்குப் போகும்வரை இதில் சிரிக்க ஏதோ இருக்கிறதென்று தெரியாது.

அங்கே ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். முதல் பெரிய வேடம், குண்டடிபட்டுச் சாகும் போலீஸ்காரன். தண்ணீர் கேட்டுவிட்டுத் தலை சாய வேண்டும். ஒத்திகையில் ஒழுங்காகத்தான் கேட்டேன். மேடையில் ரொம்பவே ஒன்றிப்போய், "ஒரு மடக்கு வெள்ளம் தா மக்கா" என்றுவிட்டேன். அரங்கமே சிரித்தது. நெஞ்சில் குண்டோடு கிடந்தவன் எழுந்து ஓடவும் முடியாதே!

பிறகு சினிமா வந்தது. தாசில்தார், மாமனார், ஊர்த்தலைவர் என்று வேடங்களுக்குக் குறைவில்லை. குரல் மட்டும் எப்போதும் வேறொருவருடையது. நான் பேசினால் பாட்டுப் பாடுவதுபோல் இருக்கிறதாம். அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லித் திரிந்தேன். பொய், வலித்தது. சுசீந்திரத்துக்காரியான என் மனைவி ஒவ்வொரு படம் முடிந்ததும் கேட்பாள்: "மொகம் ஒங்களுக்கது, சத்தம் வேற ஆருக்கோ. நான் ஆருக்க பொண்டாட்டின்னு சொல்லுங்க."

போன வருடம் நாகர்கோவில் பக்கத்துக் கதை ஒன்றில், சாகக் கிடக்கும் ஒரு பெரியவர் வேடம் கிடைத்தது. "உங்க குரல்லயே, உங்க ஊர்ப் பேச்சுலயே பேசிடுங்க சார்" என்றார் இயக்குநர். வசனத்தில் இருந்த 'தண்ணி'யை நானே வெள்ளமாக்கினேன். டப்பிங் முடிந்து வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. முப்பது வருடம் சென்னையில் கிடந்தவன் வாயில் ஊர்ப் பேச்சு நிற்குமா? அன்று நாடகத்தில் சிரித்தவர்கள் யாரோ வெளியூர்க்காரர்கள். எங்கள் ஆட்களே சிரித்தால், பிறகு எனக்கென்று ஒரு குரலே இல்லை.

நாகர்கோவில் தியேட்டரில் மனைவியோடு உட்கார்ந்தேன். அந்தக் காட்சி வந்தது. திரையில் உதடு வறண்டு கிடந்தேன். "ஒரு மடக்கு வெள்ளம் தா மக்கா." கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கையில் ஏதோ இடித்தது. மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அழுதுகொண்டே, பையிலிருந்த பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, குடியுங்க."

வாங்கிக் குடித்தேன். அந்தத் தியேட்டரில் சிரித்தது நான் ஒருவன்தான்.