பெட்ரோல் மூடியில் ஒட்டிய பிளாஸ்திரி

யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. டெல்லி ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாகவே தலை நரைத்தவள் நான். மாத்திரை போட்டாச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நோயாளியின் தலையணையைத் தூக்கினால், போட்டதாகச் சொன்னதெல்லாம் அங்கே உருளும். தலையணையைத் தூக்கிப் பார்ப்பது அப்படித்தான் என் ரத்தத்தில் ஊறியது.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அரசாங்க ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "அச்சா" என்பார். இந்தியில் அவருக்கு மிகவும் பிடித்த சொல் அது. சரி என்பதற்கும் அதுதான், அப்படியா என்பதற்கும் அதுதான், பேச்சை விடு என்பதற்கும் அதுதான். "ஊருக்கே போயிருவோம், தூத்துக்குடியில தங்கச்சி வீட்டுப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன்" என்று நான் சொன்னபோதும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "அச்சா" என்றார். நான் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன்.

முதலில் போகவேண்டியது வண்டி. ஜனக்புரியில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, நாவல் மரத்தடியில், உறை போட்டு மூடி வைத்திருந்த வெள்ளைக் கார். அதில்தான் நான் டியூட்டிக்குப் போய் வந்தேன். வேலையை விட்ட பிறகு அதைத் தொடவில்லை. வருஷக்கணக்காக நாவல் பழமும் காக்கை எச்சமும் விழுந்து உறையே ஊதா நிறமாகிவிட்டது. டெல்லியில் இவ்வளவு பழைய பெட்ரோல் வண்டியை வைத்திருக்க முடியாது. ஒன்று உடைக்கக் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அனுமதி வாங்கி வேறு மாநிலத்துக்கு அனுப்பவேண்டும். நான் அலைந்து அனுமதி வாங்கிவிட்டேன். தங்கைக்கு அந்த வண்டி என்று பேச்சு. ஏற்றிப்போகும் லாரிக்காரர் மட்டும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: வண்டி தானாக ஓடி லாரியில் ஏறவேண்டும், தள்ளி ஏற்றுகிற வேலை கிடையாது. ஓடவில்லை என்றால் அடுத்த வாரமே அது பழைய இரும்பு. என்னைச் சுமந்த வண்டியைத் தகடாக நசுக்கக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வண்டி போன பொறவுதான நாம போறது?" என்று அவர் ஒருதரம் கேட்டார். ஆமாம், வண்டியை ஏற்றிவிட்டுத்தான் ரயில் டிக்கெட் எடுப்பேன் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். வயசாகிறது, மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

கரோல் பாகிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வாய் ஓயாத மனிதர். எங்கள் கட்டிடத்தில் எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்பதை ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிட்டார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. புது பேட்டரி போட்டார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் ஒரு கணம் 'ங்ஙீ' என்று முனகும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். அந்த முனகலைக் காணோம். மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றி டேங்கின் வாயைத் திறந்தார். உள்ளே கிடந்தது பெட்ரோலா, பெயிண்டா என்று தெரியவில்லை. கடுந்தேநீர் நிறம், மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் நாற்றம். நாள்பட்ட பெட்ரோல் பிசினாகி பம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. டேங்கைக் கழுவி, பம்பும் ஃபில்டரும் புதிதாகப் போட்டு, ஒரு கேனில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றினார். வண்டி முனகியது, கிளம்பியது. நான் பிளாக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கியது.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சாவியைத் திருப்பினேன். கிளம்பி, இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தார். வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் தெளிவாக இன்னொன்று.

"பானி ஹை, மேடம்ஜி" என்றார். தண்ணீர்.

தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் தங்கும், பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சும், அதனால் எஞ்சினுக்குப் போனது தண்ணீர்தான். அது சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? கேனில் பெட்ரோல் கொண்டுவந்தது யார்? நான் அவரைப் பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். மறுபடி எல்லாவற்றையும் வடித்துத் துடைத்தார். இந்தமுறை நானே அவர் கூடப் போய் வேறு பங்கில் பெட்ரோல் வாங்கினேன், வழியெல்லாம் கேனை மடியிலிருந்து இறக்கவில்லை. வண்டி ஓடியது. அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் இருமல், மறுபடியும் தண்ணீர்.

ஆக, யாரோ ஊற்றுகிறார்கள்.

கீழ்வீட்டு அங்கிள்ஜிமேல் எனக்கு வெகுநாளாகவே ஒரு கண். அவருக்கு இரண்டு கார், நிறுத்த ஒரே இடம். டெல்லியில் கார் வாங்க யோசிக்கமாட்டார்கள், நிறுத்துகிற இடத்துக்காகக் கழுத்தைப் பிடித்துக்கொள்வார்கள். "பெஹன்ஜி, காடி கப் ஜா ரஹீ ஹை?" என்று தினமும் காலையில் நலம் விசாரிப்பதுபோலக் கேட்பார், வண்டி எப்போது போகும் என்று. லாரியில் போகாவிட்டால் பழைய இரும்பாகப் போகட்டுமே, அவருக்கு என்ன? அடுத்தது காவல்காரர். பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிட்டு அளவு குறையாமலிருக்கத் தண்ணீர் ஊற்றுகிறாரோ? பால்காரருக்குத் தெரிந்த வித்தை காவல்காரருக்குத் தெரியாதா?

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் என் வீட்டுக்காரர். "பாவம், அவங்க ஏன் ஊத்தப்போறாங்க? மழைத் தண்ணியா இருக்கும்."

"மழை எங்க பெஞ்சிது?"

"அச்சா" என்றார்.

எங்கள் வண்டியின் பெட்ரோல் மூடிக்கு வெளியே ஒரு சின்னக் கதவு உண்டு. பூட்டு தேய்ந்துபோய், நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும். மூன்றாம் முறை டேங்கைச் சுத்தம் செய்தபின், வீட்டிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரியைக் கொண்டுபோய் அந்தக் கதவின் மேல் குறுக்காக ஒட்டினேன். பிளாஸ்திரி ஒட்டினால் ஒரு நுனியைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து ஒட்டுவது என் வழக்கம். பிறகு உரிக்கும்போது பிடித்து இழுக்க வசதி, நோயாளிக்கும் வலிக்காது. அன்றைக்கு மடிக்கவில்லை. இரண்டு நுனியையும் விரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். உரிக்கிறவர் சிரமப்படட்டும், கிழியட்டும் என்றுதான்.

மறுநாள் பால்கனியிலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். அங்கிள்ஜி வந்தார், தன் வண்டியைத் துடைத்தார், என் வண்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், போனார். காவல்காரர் மரத்தடியில் பீடி குடித்தார். மத்தியானம் நான் கறிகாய் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வரும் வழியிலேயே வண்டியிடம் போய்ப் பார்த்தேன். பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது.

அப்படியே என்றா சொன்னேன்? ஒரு நுனி உள்பக்கமாக மடித்து ஒட்டியிருந்தது.

கறிகாய்ப் பையோடு அங்கேயே நின்றேன். இந்த மடிப்பு அங்கிள்ஜிக்குத் தெரியாது. காவல்காரருக்குத் தெரியாது. கரோல் பாகில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஒருசமயம் காலில் சர்க்கரைப் புண் ஆறாமல் கிடந்தது. நான் டியூட்டிக்குப் போகும் நாட்களில் அவரே கட்டுப் போட்டுக்கொள்ளக் கற்றுக் கொடுத்தேன், நுனி மடிப்பு உட்பட. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்த மனிதர்!

மேலே போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாதா படத்துக்கு முன்னால் தட்டில் எப்போதும் வேளாங்கண்ணித் தீர்த்தம் வரிசையாக இருக்கும். ஊருக்குப் போய் வருகிற எல்லோரும் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள், மாதா உருவத்தில் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"தீர்த்தம் எங்க போச்சு?"

பேப்பர் கீழே இறங்கவில்லை.

"வண்டியிலயா ஊத்துனிய?"

"ஆமா."

"வண்டி நல்லா ஓடணும்னு யாராவது டேங்குல தீர்த்தத்தை ஊத்துவாவளா? மேல தெளிச்சா போதாதா? செக்‌ஷன் ஆபீசரா இருந்தவரு, இந்த அறிவு கூடவா இல்ல?"

பேப்பரை மடித்து வைத்தார். அதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"ஓடணும்னு ஊத்தலை" என்றார். "ஓடக்கூடாதுன்னுதான் ஊத்துனேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அதுக்கு மாதா தீர்த்தமா? பைப்புத் தண்ணி கிடைக்கலியா?"

"பைப்புத் தண்ணிய ஊத்துனா அது கெடுதல் பண்ணுதது, பாவம்லா. தீர்த்தம்னா மாதா பாத்துக்கிடுவா. போகணும்னா போகட்டும், இருக்கணும்னா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாமல் சுவரோரம் உட்கார்ந்தேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். என் வீட்டில் இருந்தது அச்சா சொல்லும் ஊமை.

"போகப் பிடிக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீ கேக்கலியே. வீடு பாத்துட்டேன்னுதான சொன்ன. ஏளா, உனக்கு அங்க தங்கச்சி இருக்கா, அவ பிள்ளைய இருக்கு. எனக்கு அங்க யாரு? உன் வீட்டுக்காரருன்னு மட்டுந்தான் என்னைத் தெரியும். இங்க பார்க்குல போயி உக்காந்தா நாலு பேரு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதான். ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசையில நான்தான் வாசகம் வாசிக்கேன். அங்க போனா நான் என்ன செய்வேன், சொல்லு?"

இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டேன். மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக டேங்கைக் கழுவினார். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று கரோல் பாக் முழுக்கச் சொல்லியிருப்பார், சொல்லட்டும்.

லாரி வந்த காலையில் வண்டியை ஏற்றியது என் வீட்டுக்காரர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு ஓட்ட வராது, அதனால் தள்ளியே நின்றேன். பம்ப் ஒரு கணம் முனகியது, எஞ்சின் பிடித்தது, பலகையில் ஏறி லாரிக்குள் போய் நின்றது. அவர் இறங்கி வந்து சாவியை லாரிக்காரரிடம் கொடுத்தார். வண்டி தங்கையிடம் போனது. நாங்கள் போகவில்லை. கட்டிய சாமான்களை நானே பிரித்தேன். தங்கை போனில் கத்தினாள், கத்தட்டும். லாரி தெருமுனை திரும்புவதற்குள் அங்கிள்ஜியின் இரண்டாவது கார் நாவல் மரத்தடிக்கு வந்துவிட்டது. அவரைப் பற்றி நான் முழுக்கத் தப்பாக ஒன்றும் நினைத்துவிடவில்லை.

அன்று மத்தியானம், மீன் குழம்பு வைக்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "அச்சா" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை கேட்டேன்.