வாப்பாவின் வெள்ளைச் சேட்டு

வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போடும் வெள்ளைச் சேட்டை நான்தான் கழுவுவேன். எனக்கும் தங்கச்சிக்கும் வாப்பாவின் வளவுக்குள்ளேயே அடுத்தடுத்துக் கட்டித்தந்த வீடுகள்தான் சீதனம். என்றாலும் அந்த வேலை என்னுடையது. கடைசித் தண்ணீரில் நீலம் எவ்வளவு விடவேண்டும் என்று என் கைக்குத் தெரியும். கல்முனையில் அப்படியொரு வெள்ளை வேறு எவருடைய வாப்பாவுக்கும் கிடையாது என்று பெருமையோடு இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை சவூதிக்கு வேலைக்குப் போனார். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பெட்டி சவர்க்காரத் தூள் கொடுத்தனுப்பினார். அந்த வியாழக்கிழமையே வாப்பா சேட்டைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டி அவளிடம் போனார். மறுநாள் ஜும்ஆவுக்குப் புறப்பட்டபோது வெயிலில் அந்தச் சேட்டு கண்ணைக் கூச வைத்தது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சவூதி வெள்ளை வேறதான் புள்ள" என்றார். 

போட்டிக்கு நானும் நீலத்தைக் கூட்டினேன். என் மாப்பிள்ளையின் சேட்டு வானத்து நிறமாகிப்போனது. அவர் விஞ்ஞான வாத்தியார். ஏசவில்லை, பாடம் எடுத்தார். பழைய துணி வெளிச்சத்திலுள்ள நீலத்தை உறிஞ்சிவிடும், அதனால் மஞ்சளாகத் தெரியும். நாம் போடும் நீலம் மஞ்சளையும் உறிஞ்சிவிடும். நிறம் சமமாகும், ஆனால் துணியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் குறையும். தூளிலுள்ள மருந்தோ, வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிரை உறிஞ்சி நீல வெளிச்சமாக வெளியே விடுமாம்.

"அப்ப வெயில் இல்லாட்டி?"

"லைட்டுக்குக் கீழ அந்தக் கதிர் இல்ல எண்டுதான் சொல்லணும். ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும்."

எனக்கு அது போதும். வாப்பாவின் இன்னொரு சேட்டை நீலம் போட்டுக் கழுவினேன். தங்கச்சி கழுவியதை அவளுடைய கொடியிலிருந்து உருவினேன். இருட்டும் நேரம் மஃரிப் தொழுதுவிட்டு வந்த வாப்பாவைக் கூப்பிட்டு, மின்குமிழுக்குக் கீழே இரண்டையும் விரித்தேன்.

"எது சவூதி, எது என்ட? சொல்லுங்க வாப்பா."

வாப்பா புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டுதான் மகள்."

"அப்ப ஏன் அவளுக்கிட்டக் குடுக்கிறீங்க?"

"தூளுக்காக எண்டா நினைச்ச?" வாப்பா குரலைத் தாழ்த்தினார். "உன்ட கொடியில மாப்பிள்ளைட உடுப்புக் காயுது. அவள் தனிய இருக்கிற புள்ள, அவள்ட கொடியிலயும் ஆம்பிள உடுப்பு ஒண்டாச்சும் கிடக்கட்டுமே."

என் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாப்பாவின் மனதில் அவள்தான் இருந்திருக்கிறாள், நானில்லை. எனக்கு அழுகை முட்டியது. தங்கச்சியை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எண்ணி வாப்பா என் தலையைத் தடவினார்.