தபன்தாவின் காலி ஃப்ளாஷ்

தபன்தா போய்விட்டார். இன்று காலை, கல்கத்தா பெஹாலாவில், வீட்டிலேயே. ஹார்ட் அட்டாக்.

அவர் மகள் கூப்பிட்டபோது ஒரு கம்பெனி விழாவில் கேக் வெட்டுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போனை எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டேன்… அதற்குள் உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

லேக் கார்டன்ஸ் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து உட்கார முடியவில்லை. லென்ஸைத் துடைத்தேன். துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தேன். இதையும் இரண்டு தடவை எழுதி அழித்தாயிற்று.

தெரியாதவர்களுக்கு: தபன்தாவும் நானும் ஒன்பது வருடம் சேர்ந்து கம்பெனி பார்ட்டிகளில் படம் எடுத்தோம். மேடை எனக்கு. கூட்டம் அவருக்கு.

பெயரோடு ‘தா’, அதாவது அண்ணன், சேர்த்து நான் கூப்பிடுவேன்; அவர் என்னை ‘ப்ரொஃபெஸர்’ என்றுதான் கூப்பிடுவார். நான் யுனிவர்சிட்டியில் படித்ததோடு சரி, பாடம் நடத்தியதில்லை. எதைச் சொன்னாலும் “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பேன். அதற்காக வைத்த பெயர்.

பார்ட்டிகளில் ஒரு வகை ஆள் உண்டு. கிளாஸும் கையுமாக வந்து, “தாதா, இன்னும் ஒண்ணு… இவனோட ஒண்ணு…” என்று விடவே மாட்டார். தபன்தா முகம் சுளிக்காமல் பளிச், பளிச் என்று அடிப்பார். ஒரு படம்கூட விழாது.

ஃப்ளாஷின் பின்பக்கம் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வெளிச்சம் மட்டும்தான். ஃபிலிம் காலத்தில் ரோலை மிச்சம் பிடிக்கப் பழகிய வேலை. எங்களுக்குள் அதற்கு ‘காலி ஃப்ளாஷ்’ என்று பெயர்.

“படம் எங்கேன்னு கேட்டா?”

“காலைல அந்த ஆளுக்கு என்னையே ஞாபகம் இருக்காது, ப்ரொஃபெஸர்.”

சிரிப்பேன். வெளியே தெரிந்தால் ஒரு கம்பெனியும் எங்களைக் கூப்பிடாது என்பதும் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு, குளிர்காலம். ஒரு ஐடி கம்பெனியின் பிக்னிக், சாந்த்ராகாச்சி தாண்டி ஒரு தோட்ட வீட்டில். பட்டப்பகல்; முகத்தில் நிழல் விழாமல் இருக்க வெயிலிலும் ஃப்ளாஷ் போடுவோம். அங்கே ஒரு மதுரைப் பெண்ணிடம் தமிழில் இரண்டு வார்த்தை பேசினேன். அவள் கல்கத்தாவுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது; என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெயர் எழுதப்போவதில்லை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து போன்.

“அக்கா, எங்க மேனேஜர் ஃபோட்டோ எடுக்கலாம்னு இழுத்து இடுப்புல கைய வச்சார். தள்ளிப் போனேன், மறுபடி இழுத்தார். கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேன். அவர் ஃபோட்டோவே எடுக்கலைங்கிறார். மூணு தடவை ஃப்ளாஷ் அடிச்சுதுக்கா, நான் எண்ணினேன். அதுல ஒண்ணு போதும்.”

“இருக்கும்மா. அனுப்பறேன்” என்றேன்.

இல்லை. படங்களின் நம்பர்கூட ஒன்று விடாமல் வரிசையாக இருந்தது, எதையும் அழிக்கவில்லை. மூன்றும் காலி.

தபன்தாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன்” என்றார். “அந்த மூஞ்சியோட ஒரு படம் ஆபீஸ் குரூப்ல சுத்த வேண்டாம்னு தோணிச்சு. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியுமா?”

விசாரணைக் கமிட்டி எங்கள் இருவரையும் வரச் சொன்னது. போகிற வழியில் டாக்ஸியில் நான்தான் சொன்னேன்: “ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க தபன்தா. அன்னிக்கு இருநூறு பேரை எடுத்தோம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். “அவ எண்ணியிருக்கா, ப்ரொஃபெஸர். மூணுன்னு சரியா எண்ணியிருக்கா.”

உள்ளே மூன்று பேர். தபன்தா பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“ஃப்ளாஷ் வந்தா ஃபோட்டோ வரணுமே, மிஸ்டர்?” என்றார் நடுவில் இருந்த அம்மாள்.

தபன்தா காமிராவைத் தூக்கினார். பளிச். அந்த மூன்று பேரும், பழக்க தோஷம்… சிரித்தார்கள். காமிராவைத் திருப்பிக் காட்டினார். ஒன்றும் இல்லை.

பிறகு ஓரத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப… போன வருஷம் நான் கேட்டேனே, அந்த ஃபோட்டோ?”

“அதுவும்தான் சார்.”

லிஃப்டில் இறங்கும்போது, “உங்களுக்கு நல்ல பேர். எனக்கு வேலை போச்சு” என்றேன். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு குரலில் அவரிடம் பேசியதில்லை.

“பசிக்குது. சாப்பிட்டுட்டுப் போலாமா?” என்றார்.

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். ஒரு வேலையும் இல்லை.

மேனேஜரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அந்தப் பெண் கொஞ்ச நாளில் தானாகவே வேலையை விட்டாள். விஷயம் பரவி எங்களைக் கூப்பிடுவது நின்றது. எனக்குத் தனியாக மறுபடி வேலை வர ஆரம்பித்தது, அவருக்கு வரவில்லை. பெஹாலாவில் ஒரு கடையில் பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

போன துர்கா பூஜை முடிந்து, பிஜோயா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடித்து ஓய்ந்த பிறகு ஒரு கைகூப்பும் இமோஜி அனுப்பினேன். எங்கள் சாட்டில் கடைசியாக இருப்பது அதுதான்… இப்போதும் திறந்து பார்த்தேன்.

மதியம் அந்தப் பெண்ணுக்குச் செய்தி சொன்னேன். இப்போது சென்னையில் இருக்கிறாள். ரொம்ப நேரம் கழித்து பதில் வந்தது.

“அக்கா, அவரோட பேர் என்ன? அன்னிக்குக் கேக்கவே இல்ல.”

தபன் என்று எழுதி அனுப்பினேன்.

போய் வாருங்கள், தபன்தா. அன்றைக்கு எனக்கும் பசித்தது.