ஓடுபாதைக்குப் போன பதினேழு கற்கள்

பலாலியில் பழைய ஓடுபாதையைத் திருத்தி, வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்கும் நிலையமாக்கப் போகிறார்கள் என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பியான அவர் டிப்பர் ஓட்டினார். ஒட்டுசுட்டான் பக்கத்துக் குவாரியில் கருங்கல் ஏற்றிக்கொண்டு, விசுவமடுவில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, பரந்தன் வழியாகப் பலாலிக்குப் போவார். யாழ்ப்பாணத்தில் கிடைப்பது சுண்ணாம்புக் கல், விமானத்தின் பாரத்தைத் தாங்கக் கருங்கல்தான் வேண்டும் என்று விளக்குவார். அதைச் சொல்லும்போது, வன்னியில் கல் விளைவதே தம்முடைய முயற்சியால்தான் என்பதுபோல மீசையைத் தடவிக்கொள்வார்.

“எங்கட கல்லிலதான் பிளேன் வந்து குந்தப் போகுது” என்று அவர் சொன்னதை நான் பள்ளிக்கூடத்திலும் எங்கள் வீடிருந்த ஒழுங்கையிலும் பரப்பினேன். அப்போது எனக்குப் பத்து வயது. கல் எங்களுடையது என்றால் அதில் எங்கள் பெயர் இருக்க வேண்டாமா என்ற யோசனை எனக்குத்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வளைவில் டிப்பரிலிருந்து சிந்திய கற்களைப் பொறுக்கி வந்து, எழுத்துப் பிழையை அழிக்கிற வெள்ளை மையால் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் எழுதினேன். மொத்தம் பதினேழு கற்கள். எழுதியவள் என்ற உரிமையில் என் கல்லில் மட்டும் வகுப்பையும் சேர்த்தேன். மதிலில் ஏறி நின்று ஒவ்வொன்றாக டிப்பருக்குள் எறிந்தோம். எழுதத் தெரியாத என் தம்பி தன் பங்குக்குச் செம்மண் கட்டிகளை அள்ளி அள்ளிப் போட்டான். மாமா கைகழுவிவிட்டு வந்து, எங்களுக்குக் கைகாட்டிவிட்டுப் புறப்பட்டார்.

பின்னேரம் அவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். வண்டியில்லாமல் அவரைப் பார்ப்பதே எங்களுக்குப் புதினமாக இருந்தது.

“லோட்டையும் வண்டியையும் நிப்பாட்டிப் போட்டினம் அக்கா” என்று அம்மாவிடம் சொன்னார். “கல்லுக்குள்ள மண்கட்டியும் மை பூசின கல்லும் கிடக்காம். துப்புரவாக்கிக் குடுக்காட்டி இனி என்னை அந்தக் கேற்றுக்குள்ள விடமாட்டினம்.”

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தார். அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் என் கையெழுத்தில் இருந்தது. நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அடி விழும் என்று காத்திருந்தேன். மாமா கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எழுத்து வடிவாத்தான் கிடக்கு. நாளைக்கு நீரும் வெளிக்கிடும், ரெண்டு பேருமாப் போய்ப் பொறுக்குவம்” என்றார். அவருக்குக் கோபம் வந்தால்தான் என்னை ‘நீர், உமக்கு’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

மறுநாள் விடியவே அவருடைய சிநேகிதரின் டிப்பரில் போனோம். நான் கற்பனை செய்திருந்த விமான நிலையத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் தொப்பி போட்ட விமானிகளும் இருந்தார்கள். அங்கே இருந்ததோ புழுதி, ரோலர்கள், தண்ணீர் பவுசர் வண்டிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல். படை படையாகக் கல்லைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலரால் நெரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா கொண்டுவந்த லோட் ஒரு மூலையில் தனியே குவிந்து கிடந்தது.

கல்லைச் சோதித்து ஏற்பவர் ஓர் இளம் பெண். மஞ்சள் தொப்பி போட்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்று மாமா சொன்னதும் என்னைத் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கூட்டிப் போனார். ஒரு கையில் தம்பி போட்ட மண்கட்டி, மற்றக் கையில் ஒரு கல். இரண்டையும் வாளிக்குள் போட்டார். கட்டி கரைந்து தண்ணீர் சிவந்தது.

“மழை பெய்தால் ஓடுபாதைக்கு உள்ளுக்கும் இப்படித்தான் கரையும். கரைஞ்ச இடம் பள்ளமாகும். பிளேன்ட உருளுற சில்லு அந்தப் பள்ளத்தில விழுந்தால் என்ன நடக்கும், சொல்லுங்கோ பாப்பம்?”

நான் மனதுக்குள் அந்தப் பள்ளத்தை அப்போதே பார்த்துவிட்டேன். கல் கரையாமல் அப்படியே கிடந்ததை அவர் எடுத்துக் காட்டினார். அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

மாமா மண்வெட்டியால் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட, நான் குந்தியிருந்து மண்கட்டிகளையும் பெயர்க் கற்களையும் பொறுக்கினேன். வெயில் ஏறியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடுபாதையைக் கூட்டுகிற பெண்கள் நாலைந்து பேர் நிழல் தேடி அந்தப் பக்கமாக வந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து வேலைக்கு வருகிற மலையகத்து அம்மாமார். “என்னா புள்ள, தனியா பொறுக்குற? தள்ளு தள்ளு” என்று ஒருவர் என் பக்கத்தில் குந்தினார். மற்றவர்களும் குந்தினார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேகத்தில் அவர்களுடைய விரல்கள் கற்களுக்குள் ஓடின. தங்கள் சாப்பாட்டு நேரம் முழுவதையும் எங்களுக்குத் தந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

மண்கட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெயர்க் கற்களை எண்ணினேன். மாமா முதல்நாள் கொண்டுவந்ததோடு பதினாறு. காணாமல் போனது என்னுடையது.

“எத்தனை எழுதினீங்கள்?” என்று மஞ்சள் தொப்பி அக்கா கேட்டார்.

மாமா வியர்வையைத் துடைத்தபடி, கண்கள் சிவந்து நின்றார். இன்னொரு தரம் அந்தக் குவியலைக் கிளற அவருக்குத் தெம்பில்லை. “பதினாறு” என்றேன்.

அந்த அக்காவின் கையிலிருந்த தாளில் ஏதோ எழுதியிருந்தது. அதையும் என் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, பதினாறு” என்று கையெழுத்து வைத்தார். வெள்ளை மை பூசிய நல்ல கல் ஒன்றால் எந்த ஓடுபாதைக்கும் கேடில்லை என்பது அவருக்குத் தெரியும். என் ஒழுங்கையில் பதினேழு பிள்ளைகள் என்பதை மாமாவிடம் காலையிலேயே கேட்டு அந்தத் தாளில் குறித்திருந்தாராம். மாமாவின் வேலையைக் காப்பாற்றியது என் பொய் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அதன்பிறகு எனக்கு நிம்மதியில்லை. மழை பெய்யும் போதெல்லாம் ஓடுபாதைக்கு அடியில் என் கல் கரைந்துகொண்டிருந்தது. விமான நிலையம் திறக்கப்போகும் செய்தி வந்தபோது ஊரில் நான் ஒருத்திதான் அது பிந்த வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டிருப்பேன்.

பிள்ளையார் கேட்கவில்லை. சென்னையிலிருந்து முதல் விமானம் வரும் நாளில் மாமா ஒரு வான் வண்டி பிடித்து எங்களையெல்லாம் கூட்டிப் போனார். வழக்கமாக எந்தப் புதினம் பார்க்கவும் வராத அப்பா, அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு முதல் ஆளாக வண்டியில் ஏறியிருந்தார். கம்பி வேலிக்கு வெளியே சனத்தோடு சனமாக நின்றோம். வானத்தில் ஒரு புள்ளி தெரிந்ததும் நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன். இரைச்சல் வந்தது. தலைக்கு மேலால் போனது. நிலத்தைத் தொடும் சத்தம் கேட்டது. பிறகு கைதட்டல்.

கண்ணைத் திறந்தேன். இரண்டு பக்கமும் விசிறி சுழல, சின்ன விமானம் ஒன்று எங்கேயும் புதையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் விம்மி விம்மி அழுதேன். நிமிர்ந்து பார்த்தால், வேலிக் கம்பியைப் பிடித்தபடி அப்பாவும் அழுதுகொண்டிருந்தார்.

அப்பாவின் அக்கா, என் மாமி, சண்டைக்காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவர். கரையில் நின்று அவரை அனுப்பிவைத்தபோது அப்பாவுக்கும் பத்து வயதுதான். படகு போய்ச் சேர்ந்ததா என்று தெரியவே நாலு மாதம் ஆனது என்று பின்னாளில் மாமியே எனக்குச் சொன்னார், அதே பலாலியில் வந்து இறங்கி, எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்தபடி. அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. என் கல்லைப் பற்றி மாமா எப்படியோ அறிந்து சொல்லிவிட்டார், பாவம், இத்தனை மாதமும் அப்பாவும் என்னைப் போலவே பயந்து திரிந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். “அப்பா, அழாதேங்கோ. அது பத்திரமா இறங்கிட்டுது. இனிப் பயமில்லை.”

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். “ஓம் பிள்ளை” என்றார். “இனிப் பயமில்லை.”

அவருடைய பயத்தைத் தீர்த்துவைத்தவள் என்ற பெருமையோடு, நான் ஐஸ்கிறீம் வாங்கித் தரும்படி கேட்டேன்.