அந்தத் தோழி யாரென்று நான் கேட்கவில்லை

அயர்லாந்தில் யாரை நலம் விசாரித்தாலும் "கிராண்ட்", நன்றாக இருக்கிறேன், என்பார்கள். வந்த புதிதில் ஒரு முதியவர் அப்படிச் சொன்னதை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அவருக்குக் காலையிலிருந்தே நெஞ்சுவலி. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள், டாக்டர்" என்றார். பினாங்கில், நான் வளர்ந்த சுங்கை பினாங் அடுக்குமாடியில், யாரும் வலியை மறைக்கமாட்டார்கள். லிப்ட் வருவதற்குள் முட்டிவலியிலிருந்து மூலம்வரை சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது மாடி பிலோமினா அக்கா அரசு மருத்துவமனைத் தாதி. ஞாயிறு பூசை முடிந்ததும் ரத்த அழுத்தக் கருவியோடு வீடு வீடாகப் போவார். பள்ளி மாணவியான நானும் கூடவே போவேன். ஒருநாள் லாரி ஓட்டும் முனியாண்டி மாமாவின் காலில் சர்க்கரைப் புண். கட்டைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "கைய எடு. நாறுதுன்னு அவருக்கே தெரியும் லா. நீ வேற காட்டணுமா?" மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அந்தப் புண்ணை நான்தான் கழுவினேன். மருத்துவக் கல்லூரி நேர்காணலில் சேவை மனப்பான்மை என்றெல்லாம் பேசினேன். உண்மையில் என்னை டாக்டராக்கியது அன்றைய வெட்கம்தான். இடம் கிடைத்தபோது கீழ்த்தளத்தில் எல்லா வீட்டாரும் சேர்ந்து பிரியாணி சமைத்தார்கள்.

படித்து முடித்ததும் ஒப்பந்த வேலை. நிரந்தரமாகும் என்று காத்திருந்து அலுத்துப்போய், அயர்லாந்துக்கு விண்ணப்பித்ததை அக்காவிடம் சொன்னேன். "இங்க உனக்கு என்ன இருக்கு? போ லா" என்றார். எனக்கு வேண்டியது அந்த அனுமதி. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

போன வருடம் அவரிடமிருந்து ஒரு செய்தி. "என் தோழிக்கு மார்புல சின்னக் கட்டி. வலி இல்ல. பயப்படணுமா?" வார்டு சுற்றின் நடுவே, "உடனே டாக்டரப் பாக்கச் சொல்லுங்கக்கா" என்று தட்டிவிட்டேன். "சரி டாக்டர்" என்று பதில் வந்தது. அதற்குமுன் அவர் என்னை டாக்டர் என்று அழைத்ததே இல்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து அம்மா அழைத்து, அக்காவுக்குப் புற்றுநோய், பரவிவிட்டது என்றார்.

இப்போது இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறேன். லிப்டில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, "எங்க புள்ள டாக்டர்னு ஊரெல்லாம் சொன்னோம். ஆனா அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது எங்க வீட்டுக்காரரு" என்றார்.

பிலோமினா அக்கா தலையில் துணி கட்டியிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாததாக்கா? ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் பயம். யாரு அந்தத் தோழின்னு நீ கேப்பேன்னு பாத்தேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேன் லா."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை மருந்தேற்ற நானே அழைத்துப் போனேன். நான் பயிற்சி பெற்ற அதே மருத்துவமனை. இளம் மலாய் டாக்டர் என்னைப் பார்த்து, "கெலுவார்கா?" என்றார். குடும்பமா என்று கேட்கிறார். டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கே என் உரிமம் காலாவதியாகிவிட்டது. அக்காதான் பதில் சொன்னார்: "ஜிரான்." பக்கத்து வீடு. அப்படியானால் வெளியே இருங்கள் என்றார் அந்த டாக்டர், மரியாதையாக.

அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. என் விடுப்பு முடிந்ததும் வரும் வாரத்துக்கான அயர்லாந்து வார்டின் பணிப்பட்டியல்; திங்கட்கிழமைக்கு நேரே என் பெயர். வரமுடியுமா என்று உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். ஒரு கையால் பையை இறுகப் பிடித்தபடி, மறு கையால் 'வருகிறேன்' என்று தட்டினேன்.